'விஸ்பர்' என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் குறித்த முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம் ஒரு மாடியறையில், சீசன் ஓய்ந்த மாதங்களில் விடுதிப் பணியாளர்களுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒரு நாள், ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கும் இளைஞர் தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "சார், இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். அறையில் வெந்நீர் வரவில்லை என்று விருந்தினர் ஒருவர் எழுதிய புகாருக்கு அவர் அனுப்பிய பதில் அதில் இருந்தது: 'வி ஆர் விஸ்பரிங் அபௌட் யுவர் கம்ப்ளெய்ன்ட்.' மற்ற விருந்தினர்களின் காதில் விழாமல் மேலாளரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவர் சொல்ல நினைத்தது. விருந்தினருக்கோ, 'உங்கள் புகாரைப் பற்றி எங்களுக்குள் புறம்பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று புரிந்துவிட்டது. அவர் மறுநாளே அறையைக் காலி செய்தார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அகராதியில் 'விஸ்பர்' என்பதற்கு எதிரே 'கிசுகிசு, ரகசியமாகப் பேசு' என்று இருக்கும். இளைஞர் அதை நம்பி எழுதினார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறிப்பது ஓர் ஓசையை. ரகசியமும் புறம்பேச்சும் அதன்மேல் பிறகு ஏறியவை. தமிழில் நாம் எதிரே வைத்திருக்கும் சொற்களோ ரகசியத்தையும் வம்பையும் முன்னால் நிறுத்துகின்றன. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதில் வசப்படும் என்பதால், ஓசையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள்

குரல்வளை மேட்டின்மீது இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் 'அம்மா' என்று சொல்லுங்கள். விரல்நுனியில் அதிர்வு தெரியும். பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதுபோல அதே சொல்லைச் சொல்லுங்கள். உதடும் நாக்கும் முன்போலவே அசைந்தாலும் விரல்நுனியில் அதிர்வு இருக்காது. பேசும்போது குரல்நாண்கள் நெருங்கி வந்து நொடிக்கு நூறு, இருநூறு தடவை அதிர்கின்றன. விஸ்பர் செய்யும்போது அவை அதிராமல், பின்புறத்தில் சிறிய இடைவெளி விட்டு நிற்க, அந்த இடைவெளியில் உரசிச் செல்லும் மூச்சுக்காற்றே ஓசையாகிறது. டிசம்பர் விடியலில் ஏரிக்கரையில் நின்று பேசினால் வாயிலிருந்து புகைபோல ஆவி வருமல்லவா? குரலைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூச்சை மட்டும் கொண்டு பேசுவதுதான் விஸ்பர்.

ஆகவே தாழ்ந்த குரலில் பேசுவது வேறு, விஸ்பர் செய்வது வேறு. வங்கியிலோ மருத்துவமனை வராந்தாவிலோ நாம் குரலைத் தணித்துப் பேசுகிறோம். அங்கே குரல் இருக்கிறது, அளவுதான் குறைவு. அதை ஆங்கிலத்தில் 'இன் எ லோ வாய்ஸ்' என்பார்கள். நம் இளைஞர் எழுதியிருக்க வேண்டியது அதுகூட அன்று, 'வி ஆர் ஸ்பீக்கிங் டு தி மேனேஜர் அபௌட் இட்' என்பதே போதும். மெதுவாகப் பேசினோமா உரக்கப் பேசினோமா என்பது விருந்தினருக்குத் தேவையில்லாத செய்தி.

இங்கே தமிழருக்கு ஒரு வசதியும் ஒரு சிரமமும் உண்டு. குரல்நாண் அதிராதபோது தேனீயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பட்டாணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் (தமிழில் எழுதினால் இரண்டும் 'பீ'தான், முதலாவதில் மட்டும் பகரம் அதிர்வோடு ஒலிக்கும்) காதுக்கு நெருங்கி வந்துவிடுகின்றன. ஏனெனில் அவற்றைப் பிரிப்பதில் பெரும்பங்கு அந்த அதிர்வுக்கே உரியது. தமிழில் ஒரே பகரத்தை இடத்துக்கு ஏற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கிறோமே தவிர, அந்த வேறுபாட்டை மட்டும் நம்பிப் பொருளைப் பிரிப்பதில்லை. படு, பாடு, பாட்டு ஆகியவை நீளத்தாலும் இரட்டிப்பாலும் வேறுபடுகின்றன, அவை மூச்சோசையிலும் பிழைத்துக்கொள்ளும். குரலின் ஏற்றஇறக்கமும் அப்படித்தான். விஸ்பரில் சுருதி கிடையாது. குரலை உயர்த்தியே கேள்வியாக்கும் ஆங்கில வாக்கியம் அதில் தடுமாறும், 'வந்தானா' என்று ஓர் ஆகாரத்தை ஒட்டிக் கேட்கும் தமிழோ தடுமாறாது. எனவே ஆங்கிலத்தில் காதோடு கேள்வி கேட்க நேர்ந்தால் 'ஹி கேம்?' என்று கேட்காமல், 'டிட் ஹி கம்?' என்று முழு வடிவில் கேட்டுப் பழகுங்கள்.

இன்னொரு செய்தி, மலையில் இருப்பவர்களுக்காக. பனிக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டால் பலர், குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக்கொண்டு, நாள் முழுவதும் மூச்சோசையில் பேசுகிறார்கள். அழுத்தி விஸ்பர் செய்வது பலருக்குக் குரல்வளையை மேலும் இறுக்குகிறது என்பதால், அதைவிடப் பேசாமலிருப்பதோ மென்மையாகப் பேசுவதோ மேல் என்றே தொண்டை மருத்துவர்கள் பலரும் சொல்கிறார்கள்.

இரண்டாம் படி: எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்துக்கூட்டும்போது டபிள்யூவை அடுத்து ஓர் எச் வரும். இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலோர் அதை ஒலிப்பதில்லை, ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சிலர் 'ஹ்விஸ்பர்' என்று மூச்சோடு ஒலிப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஹ்விஸ்ப்ரியன்'. ஜெர்மன் மொழியின் 'விஸ்பெர்ன்' இதன் உறவு. ஓசையைப் போலிசெய்து பிறந்த சொல், சீழ்க்கையைக் குறிக்கும் 'விஸில்' என்பதைப் போல.

நாம் கவனிக்க வேண்டியது முதல் ஒலியை மட்டும்தான். தமிழ் வகரத்தில் மேற்பல் கீழுதட்டை அணுகும். ஆங்கில டபிள்யூவில் பல்லுக்கு வேலையே இல்லை, உதடுகள் 'உ' சொல்வதுபோலக் குவிந்து விரிய வேண்டும். 'உ' என்று தொடங்கி 'இஸ்பர்' என்பதோடு விரைந்து சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் அமைப்பது

என் வகுப்பில் பத்துப் பேரில் எட்டுப் பேர் தவறுவது இந்த இடத்தில். 'அவள் என்னிடம் ரகசியத்தைக் காதோடு சொன்னாள்' என்பதை 'ஷி விஸ்பர்ட் மீ தி சீக்ரெட்' என்று எழுதுகிறார்கள். 'டோல்டு மீ' என்று வருவதால் 'விஸ்பர்ட் மீ' என்றும் வரும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் 'டெல்' என்னும் வினை கேட்பவரை நேராகப் பின்னால் வைத்துக்கொள்ளும். 'விஸ்பர்' அப்படி வைத்துக்கொள்ளாது, நடுவில் 'டு' வேண்டும். 'ஷி விஸ்பர்ட் தி சீக்ரெட் டு மீ' என்பதே சரி. தமிழ்வழி நினைவு வைத்துக்கொள்ள விரும்பினால், 'என்னிடம்' என்பதிலுள்ள 'இடம்' போனால் வாக்கியம் எப்படி நொண்டுமோ அப்படித்தான் 'டு' போனால் இதுவும் நொண்டும் என்று கொள்ளுங்கள்.

சொன்ன செய்தி முழு வாக்கியமாக இருந்தால் 'தட்' சேர்க்கலாம்: 'தி கைடு விஸ்பர்ட் தட் எ கௌர் வாஸ் பிஹைண்ட் அஸ்.' காட்டுமாடு எங்கள் பின்னால் நிற்கிறது என்று வழிகாட்டி மூச்சுக்குரலில் சொன்னார் என்பது பொருள். கட்டளையானால், 'ஹி விஸ்பர்ட் டு அஸ் டு ஸ்டாண்ட் ஸ்டில்' என்று இரண்டு 'டு' வரும். இரண்டாவதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது வினையைச் சேர்ந்தது.

காதைச் சொல்ல வேண்டுமானால் 'இன் மை இயர்' அல்லது 'இன்டு மை இயர்' என்று ஒருமையில் சொல்லுங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு காதில்தானே சொல்ல முடியும்? பெயர்ச்சொல்லாகப் பயன்படுத்தும்போது 'இன் எ விஸ்பர்' என்று 'எ' கட்டாயம் வரும். பலர் சேர்ந்து அப்படிப் பேசினால் 'இன் விஸ்பர்ஸ்' என்று பன்மையாகும், அப்போது 'எ' போய்விடும். நோயாளியின் குரலைப் பற்றி 'பேர்லி அபவ் எ விஸ்பர்' என்று எழுதியிருந்தால், குரல் இருந்தும் இல்லாததுபோல மெலிந்திருந்தது என்று கொள்ள வேண்டும்.

நான்காம் படி: வாயிலிருந்து ஊருக்கு

ஓசையாக இருந்த சொல் வதந்தியாக மாறும் இடம் இது. நம் இளைஞர் வழுக்கி விழுந்ததும் இங்கேதான். 'விஸ்பர்' என்பதை அடுத்து 'அபௌட்' வந்து, யாரோ ஒருவரையோ அவருடைய செயலையோ குறித்தால், அது பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் பேசுவதாகவே கேட்பவர் மனத்தில் படும். 'பீப்பிள் ஆர் விஸ்பரிங் அபௌட் ஹிம்' என்றால் அவரைப் பற்றி அரசல்புரசலாக ஏதோ பேச்சு அடிபடுகிறது. 'தேர் ஆர் விஸ்பர்ஸ் தட் தி ஹோட்டல் வில் பி சோல்டு' என்றால் விடுதி விலைபோகப் போவதாக ஊரில் காற்றுவாக்கில் ஒரு செய்தி. 'இட் இஸ் விஸ்பர்ட் தட்' என்று தொடங்குபவர், தாம் சொன்னதாக யாரும் தம்மைப் பிடித்துவிடக் கூடாது என்று தப்பிக்கும் வழியோடு தொடங்குகிறார். ஒருவரின் பெயரைக் கெடுக்கத் திட்டமிட்டு வாய்வழியாகப் பரப்பும் பேச்சுக்கு 'விஸ்பரிங் கேம்பெய்ன்' என்று பெயர். தேர்தல் செய்திகளில் அடிக்கடி காணலாம்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. சங்க அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் காதலிப்பது ஊருக்குத் தெரியத் தொடங்கும்போது இரண்டு சொற்கள் வருகின்றன: அம்பல், அலர். சொல் முழுதாக வெளிப்படாமல், மொட்டுப்போல வாய்க்குள்ளேயே இருக்கும் பேச்சு அம்பல். அது விரிந்து ஊரறிய மலர்ந்துவிட்டால் அலர் என்று பழைய உரைகள் பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தின் 'விஸ்பர்ஸ்' என்னும் பன்மைக்கு அம்பலைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. இன்றைய உரைநடையில் அதை அப்படியே இறக்கினால் படிப்பவர் திகைப்பார் என்பதால், 'அரசல்புரசலாக', 'காதுக்குக் காது' என்னும் வழக்குகளை எடுத்துக்கொள்ளலாம்.

'கிசுகிசு' என்பதை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். சினிமாப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக நடிகர் நடிகையர் பற்றிய வம்புக்கு அந்தத் தலைப்பையே இட்டுவந்ததால், இந்தப் பொருளில் அது ஊறிப்போய்விட்டது. அதனாலேயே முதற்பொருளில் அதை நான் தவிர்க்கிறேன். மொழிபெயர்ப்புக் கதைகளில், சாகக் கிடக்கும் தந்தை மகனிடம் ஏதோ 'கிசுகிசுத்தார்' என்று வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சாகும்போதும் அவர் சினிமா வம்பா பேசுவார்? 'மூச்சுக்குரலில் சொன்னார்' என்றோ 'காதோடு சொன்னார்' என்றோ எழுதினால் அந்தக் கட்டிலும் அந்த இருட்டும் கண்முன் வந்துவிடும். சிறுமிகள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதற்குக் 'குசுகுசுவென்று' என்பது பொருந்தும். அலுவலகத்தில் ஒருவர் மற்றொருவரை ஒதுக்கி அழைத்துச் சொல்வதற்குக் 'காதைக் கடித்தார்' என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தை முடிப்பதற்குக் 'காதும் காதும் வைத்தாற்போல' என்பது உண்டு. மனைவி இரவில் கணவனிடம் ஓதுவதாக ஆண்கள் குற்றஞ்சாட்டும் 'தலையணை மந்திரம்' வேறு இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கும் ஆங்கிலம் 'விஸ்பர்' என்ற ஒன்றையே வைத்துச் சமாளிக்கிறது. ஆகவே தமிழாக்கும்போது யார், யாரிடம், எதற்காக என்று பார்த்த பின்பே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்கள்

'விஸ்பர்', 'மர்மர்', 'மட்டர்', 'மம்பிள்' ஆகியவற்றை அகராதிகள் ஒன்றுக்கொன்று பொருளாகக் கொடுத்துக் குழப்பும். நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் குறுக்குவழி இது: பின்னைய மூன்றும் மகரத்தில் தொடங்குகின்றன, மகரம் குரலில்லாமல் ஒலிக்காத மூக்கொலி, அந்த மூன்று செயல்களிலும் குரல் உண்டு. 'விஸ்பர்', 'ஹிஸ்', 'ஹஷ்' ஆகியவற்றில் இருப்பது சகரம், ஷகரம் போன்ற மூச்சொலி. அவை குரலற்றவை அல்லது குரலை அடக்கச் சொல்பவை. தமிழும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது: கிசுகிசு, குசுகுசு ஒருபக்கம், முணுமுணு, முனகு மறுபக்கம். இலக்கண விதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், நினைவில் நிறுத்த உதவினால் போதும்.

'மர்மர்' என்பது தெளிவில்லாமல் தொடர்ந்து கேட்கும் தணிந்த ஓசை. கூட்டத்தின் இரைச்சலுக்கும் ஓடையின் ஓசைக்கும் வரும், இதயத்தில் மருத்துவர் கேட்கும் கூடுதல் ஓசைக்கும் அதுவே பெயர். 'வித்தவுட் எ மர்மர்' என்றால் முணுமுணுக்காமல், அதாவது மறுப்புச் சொல்லாமல். 'மட்டர்' என்பதில் எரிச்சல் உண்டு. கணக்கைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் தமக்குள் சொல்லிக்கொள்வது அது. வாயைத் திறக்காமல் விழுங்கி விழுங்கிப் பேசுவது 'மம்பிள்'.

ஆறாம் படி: கூட்டுச் சொற்களும் காற்றும்

'ஸ்டேஜ் விஸ்பர்' என்பது நாடக மேடையிலிருந்து வந்தது. பக்கத்திலுள்ள பாத்திரத்துக்குக் கேட்காததாகவும், கடைசி வரிசைப் பார்வையாளருக்குக் கேட்பதாகவும் நடிகர் சொல்லும் பாவனை ரகசியம் அது. வீட்டில் ஒருவர் ரகசியம் சொல்வதுபோல, ஆனால் சம்பந்தப்பட்டவர் காதில் விழ வேண்டுமென்றே சொன்னால் அதையும் அப்படியே அழைப்பார்கள். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சென்று, கடைசியில் செய்தி வேறாகிவிடும் விளையாட்டைப் பிரிட்டனில் 'சைனீஸ் விஸ்பர்ஸ்' என்றும் அமெரிக்காவில் 'டெலிபோன்' என்றும் சொல்கிறார்கள். முதற்பெயர் ஓர் இனத்தாரைக் கிண்டல் செய்வதாகப் பலருக்கு இன்று உறுத்துவதால், விருந்தினரிடம் இரண்டாவதைச் சொல்வதே நல்லது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டித் தொடங்கி, பிறகு பிரிட்டிஷாரும் குடியேறிய ஊர் இது. இரண்டு ஆங்கிலமும் இங்கே பழையவைதான்.

'விஸ்பரிங் கேலரி' என்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. வட்டமான சுவரையொட்டி ஓரிடத்தில் மூச்சுக்குரலில் சொன்னால், ஒலி அந்த வளைவைத் தழுவிக்கொண்டே சென்று எதிர்ப்புறத்தில் காதை வைத்திருப்பவருக்குக் கேட்கும் மாடம் அது. லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தில் 257 படிகள் ஏறினால் வருவது மிகப் புகழ்பெற்றது. கர்நாடகத்தின் பிஜப்பூரிலுள்ள 17ஆம் நூற்றாண்டுக் கோல்கும்பஸிலும் உண்டு. அந்த ஒலி எப்படிச் செல்கிறது என்பதை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கியிருந்தார். 1921இல் லண்டனுக்குச் சென்ற நம் சி.வி. ராமன் அந்தப் பேராலயத்திலேயே சோதனை செய்து பார்த்து, பிறகு இந்தியாவிலுள்ள மாடங்களையும் ஆராய்ந்தார். வட்டக்கானல் பக்கம் 'எக்கோ ராக்' என்ற பாறையில் நின்று பயணிகள் கத்துகிறார்களே, அது எதிரொலி. சத்தம் மலையில் மோதித் திரும்புகிறது. இரண்டையும் ஒன்றாக்கி விருந்தினரிடம் விளக்கிவிடாதீர்கள்.

மருத்துவத்திலும் இச்சொல் தொழிற்சொல்லாக வரும். நோயாளிக்குப் பின்னால் ஒரு கைத்தொலைவில் நின்று, ஒரு காதை அடைத்துவிட்டு, மருத்துவர் எண்களையும் எழுத்துகளையும் மூச்சுக்குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வது 'விஸ்பர்ட் வாய்ஸ் டெஸ்ட்'. கருவியே இல்லாமல் கேட்கும் திறனை ஓரளவு அறிந்துகொள்ள இது உதவுகிறது.

கடைகளில் 'விஸ்பர்' என்றால் சானிட்டரி நாப்கின். நம் ஊரில் பல வீடுகளுக்குள் இச்சொல் மெடிக்கல் ஷாப்பில் செய்தித்தாள் சுற்றிக் கொடுத்த அந்தப் பொட்டலத்தோடுதான் நுழைந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதியதும் எழும் சிரிப்புக்குக் காரணம் தெரியும் என்பதால், நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகள் பலவற்றில் அதே நிறுவனம் அதை 'ஆல்வேஸ்' என்னும் பெயரில் விற்கிறது. ஆகவே அங்கிருந்து வரும் பெண் விருந்தினர் 'பேட்ஸ்' என்றோ 'சானிட்டரி டவல்ஸ்' என்றோ கேட்பார். அப்போது நம் வரவேற்பாளர் 'விஸ்பர்?' என்று திருப்பிக் கேட்டால், தம்மை மெதுவாகப் பேசச் சொல்வதாக அவர் நினைக்கக் கூடும்.

இனி மிச்சமிருப்பது, 'சிறு தடயம்' என்னும் பொருளும் இயற்கையின் ஓசையும். 'எ விஸ்பர் ஆஃப் ஸ்மோக்' என்றால் இழைபோன்ற புகை. 'நாட் எ விஸ்பர் ஆஃப் வின்ட்' என்றால் இலை அசையக் காற்றில்லை. இலைகளும் புல்லும் விஸ்பர் செய்வதாக எழுதுவது ஆங்கிலக் கவிமரபு. காட்டேஜ் பெயர்ப்பலகைகளில் பைன் மரங்கள் விஸ்பர் செய்துகொண்டே இருப்பது அதனால்தான். தூண் பாறைக்குப் போகும் வழியிலுள்ள பைன் காட்டில், பயணிகள் வருமுன் காலையில் நின்றால், இலைகள் மோதும் சலசலப்பு கேட்காது; ஊசியிலைகளுக்கிடையே காற்று நுழைந்து, மிகத் தொலைவில் மழை பெய்வதுபோல ஒரே சீராக இரைவது கேட்கும். குரல்நாண் அதிராமல் இடைவெளியில் காற்று உரசுவதுதான் விஸ்பர் என்று முதற்படியில் பார்த்தோமே, இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் தமிழில் 'பைன் மரங்கள் கிசுகிசுத்தன' என்று எழுதினால் மரங்கள் யாரைப் பற்றியோ வம்பு பேசுவதாகிவிடும். 'இரைந்தன' என்பது போதும்.

ஏழாம் படி: பழகுதல்

இருவராகப் பயிற்சி செய்யுங்கள். மேலே சொன்ன மருத்துவச் சோதனையைப் போல ஒருவர் பின்னால் ஒரு கைத்தொலைவில் நின்று, தேனீயும் பட்டாணியும் போன்ற இணைச் சொற்களை மூச்சுக்குரலில் சொல்லட்டும். முன்னால் இருப்பவர் கேட்டதை எழுதட்டும். எந்தெந்த இணைகளில் பிழை வருகிறது என்று பாருங்கள். பிறகு, அன்று நடந்த ஒன்றை 'டு', 'தட்', 'இன் எ விஸ்பர்' ஆகிய மூன்று அமைப்புகளிலும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுங்கள். எழுதி முடித்தபின், 'அபௌட்' எங்காவது வந்திருந்தால் அங்கே நின்று, புறம்பேசும் பொருள் வேண்டுமென்றேதான் வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர்களுக்கு ஒன்று கூடுதலாக. மூடுபனியில் வளைவு திரும்பியதும் சாலையோரம் காட்டுமாடு நின்றால், 'நோ சவுண்ட்!' என்று நீங்களே சத்தம் போடாமல், 'ப்ளீஸ் கீப் யுவர் வாய்சஸ் டவுன்' என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். 'ப்ளீஸ் விஸ்பர்' என்று சொன்னால் பயணிகள் பேச்சை நிறுத்தமாட்டார்கள், மூச்சுக்குரலுக்கு மாறித் தொடர்வார்கள். பின்சீட்டில் நால்வர் அப்படிப் பேசினால் வண்டிக்குள் ஒரே 'உஸ் உஸ்' என்றிருக்கும். பேச்சே கூடாது என்றால் அதற்குரிய சொல் 'சைலன்ஸ்'.